நீலச் சோடியின் கறுப்புக் குஞ்சுகள்

இறகின் நிறத்துக்காகக் கோழி வளர்ப்பது ஒரு கலை, ஒரு கணக்கு, சில நேரம் ஒரு பைத்தியம். அது கிழக்கிலங்கையின் படுவான்கரைக்கும் வந்துவிட்டது.

நீலக் கோழிச் சோடி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, முட்டை சேர்த்து அடைவைக்கிறவர்களில் பலர் இருபத்தோராம் நாள் விற்றவனைத் திட்டத் தொடங்குகிறார்கள். பொரித்ததில் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுதான் நீலம். கால்வாசி கறுப்பு. மீதி வெளிறிய நிறம். இறகு முளைத்த பிறகு பார்த்தால் வெள்ளையில் அங்கங்கே நீலமும் கறுப்புமாக மை தெறித்திருக்கும். கலப்பினத்தைச் சுத்த இனமென்று தலையில் கட்டிவிட்டான் என்ற முடிவுக்கு வர அதிக நேரம் எடுக்காது. விற்றவன் வேறு எதில் குற்றவாளியோ தெரியாது, இதில் நிரபராதி. எவ்வளவு சுத்தமான நீலச் சோடியும் அப்படித்தான் பொரிக்கும்.

இந்தக் கோபத்தை நான் நேரில் பார்த்தது கரடியனாற்றில். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால் வயலும் சேனையும் பற்றைக்காடும் மாறி மாறி வரும் பகுதி. குசலானமலை இருக்கும் ஊர். வீதியை விட்டு உள்ளே தள்ளிய ஒரு வளவில், உயர்தரம் முடித்த இளைஞர் ஒருவர் முகநூலில் படம் பார்த்து நீலக் கொச்சின் பந்தாம் சோடி ஒன்றை வாங்கியிருந்தார். துளை போட்ட காட்போட் பெட்டியில் பஸ் ஏறி வந்த சோடி. கால் விரல்வரை இறகு மூடி, உருண்டு திரண்டு, மழைமேக நிறத்தில் இரண்டும் நின்றன.

"ஒம்பது குஞ்சு அண்ணன். நாலுதான் நீலம். ஏமாத்திப்போட்டான்."

உயர்தரத்தில் என்ன படித்தாய் தம்பி என்று கேட்டேன். உயிரியல் என்றார்.

"அப்ப புனெட் சதுரம் கீறியிருப்பியே?"

"கீறினதுதான். அது சோதினைக்கு."

அந்தச் சதுரத்துக்குப் பெயர் கொடுத்த றெஜினல்ட் புனெட்டே கோழி எண்ணிய மனிதர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. மெண்டல் பட்டாணியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் காட்டியவர் கேம்பிரிட்ஜின் வில்லியம் பேட்சன். அவர் பார்த்தது கோழிக் கொண்டையின் வடிவங்களை. பேட்சனும் புனெட்டும் பிறகு எடுத்துக்கொண்ட புதிர்களில் ஒன்று நீல அந்தலூசியன் கோழி. இங்கிலாந்தின் கோழிப் பிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தில் கறுப்புக் குஞ்சையும் வெள்ளைக் குஞ்சையும் ஒதுக்கி, நீலத்தை மட்டும் வைத்துப் பெருக்கிப் பார்த்தார்கள். எத்தனை தலைமுறை ஒதுக்கினாலும் அடுத்த அடையில் கறுப்பும் வெள்ளையும் வந்து நின்றன.

விடை எளிது. கோழியின் நீலம் தனிச் சாயம் அல்ல, நீர்த்த கறுப்பு. கறுப்பை நீர்க்கச் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் கறுப்பு சிலேற்று நீலமாகும். இரண்டு பிரதி இருந்தால் தெறித்த வெள்ளையாகும். ஒன்றும் இல்லாவிட்டால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். நீலம் என்றாலே உள்ளே ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை என்று பொருள். இரண்டு நீலத்தைச் சேர்த்தால் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று தெறிப்பு என்ற விகிதம். தம்பியின் ஒன்பதில் நாலு நீலம் என்பது கணக்குக்கு மிகக் கிட்டிய விளைச்சல்.

முழு அடையும் நீலமாக வேண்டுமென்றால் வழி உண்டு. கறுப்பையும் தெறிப்பையும் சேர்க்க வேண்டும். பிறக்கும் குஞ்சு அத்தனையும் நீலம். அந்தலூசியன் இனத்தில் நியமம் ஏற்பது நீலத்தை மட்டும்தான். ஆக, காட்சிமேடையில் நிற்கவே தகுதியில்லாத தாயும் தகப்பனும் சேர்ந்தால் பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு உரிய நிறத்தில் வருகின்றன. நிறத்துக்குக் கோழி வளர்ப்பவன் முதலில் படிக்க வேண்டியது இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற இறகை வைத்துச் சோடி சேர்த்தால் போதாது, அந்தக் கோழியின் உள்ளே மறைந்திருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நல்ல கண் மட்டும் போதாது. எழுதிவைத்த கொப்பி வேண்டும்.

நியமம் என்ற சொல்லைப் போட்டேன். அதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு இனத்தின் கோழி எப்படி இருக்கவேண்டும் என்று கொண்டையிலிருந்து கால் நகம்வரை எழுதிவைத்த விவரணை அது. நடுவர் அதை மனதில் வைத்துக்கொண்டு கூட்டைத் திறந்து கோழியைக் கையில் எடுப்பார். இந்த வழக்கம் பிறந்த இடம் இங்கிலாந்து. 1845இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பெரிய கோழிக் காட்சி நடந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த பெருங்கோழிகளை விக்டோரியா மகாராணி வளர்க்கத் தொடங்க, நாட்டில் பலருக்குக் கோழிப் பித்துப் பிடித்தது. 1849இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும் காட்சி. ஜோர்ஜ் பேர்ன்ஹாம் என்ற வியாபாரி 1852இல் மகாராணிக்கே கோழிகளை அன்பளிப்பாக அனுப்பி விளம்பரம் தேடிக்கொண்டார். தன்னிடம் வாங்கிய ஊராரின் மடத்தனத்தைக் கேலிசெய்து 1855இல் ஒரு புத்தகமும் போட்டார். விற்றவனே எழுதிய அந்தப் புத்தகத்தை நம் முகநூல் கோழிச் சந்தைக்காரர்கள் ஒருமுறை வாசித்தால் நல்லது.

பித்து அடங்கிய பிறகுதான் ஒழுங்கு வந்தது. பிரித்தானியரின் முதல் நியமப் புத்தகம் 1865இல், அமெரிக்கருடையது 1874இல். பிரித்தானியருடையதைத் தொகுத்தவர்களில் டெகட்மையர் என்பவர் சார்ள்ஸ் டார்வினுக்குப் புறாவும் கோழியும் பற்றிய தகவல்களைக் கடிதம் கடிதமாகக் கொடுத்தவர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சேவல் சண்டைக்கு இங்கிலாந்தில் சட்டம் தடைபோட்டது 1835இல். சண்டைக்கு வளர்த்த கைகள் பத்தாண்டுக்குள் காட்சிக்கு வளர்க்கத் தொடங்கின. பந்தயம் கட்டும் ஆசை அப்படியே இருந்தது, களம்தான் மாறியது.

எந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்ப்பார்கள்? தம்பியின் நீலச் சேவலிடமிருந்து உதிர்ந்த இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். நடுவில் தண்டு. அதன் நுனிப்பக்கம் இறுகிய தகடு, அடிப்பக்கம் பஞ்சு. தகட்டின் நடு நீலமாகவும் ஓரம் கருமையாகவும் இருந்தது, ஆனால் ஓரக் கருமை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கரைந்துபோயிருந்தது. அந்தலூசியன் நடுவர் என்றால் இறகைச் சுற்றி ஒரே தடிப்பில் கருங்கரை ஓடவேண்டும் என்பார். அது நீல மரபணுவின் வேலை அல்ல, வேறு மரபணுக்கள் சேர்ந்து கீறும் கோடு. பிறகு பஞ்சைப் பார்ப்பார். கோழியின் முதுகில் ஊதி இறகைப் பிளந்து அடிநிறம் பார்ப்பது காட்சிக்கூடத்தில் எல்லாரும் செய்யும் வேலை. மேலே சிவந்து உள்ளே சாம்பல் பூத்த ரோட் ஐலண்ட் ரெட்டை அந்த ஒரு ஊதலில் கழித்துவிடுவார்கள். கறுப்புக் கோழி என்றால் வெயிலில் வண்டின் முதுகுப் பச்சை மின்னவேண்டும். ஊதா மின்னினால் குறை. அந்தப் பச்சை சாயத்தால் வருவது அல்ல. இறகின் நுண்ணிழைகளில் கருநிறத் துணிக்கைகள் அடுக்கடுக்காய் ஒழுங்காக அமைந்தால் ஒளி அப்படித் திரும்புகிறது. அடுக்குப் பிசகினால் ஊதா.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் திரும்பினால் தம்பியின் தாயாருடைய கோழிகள் முற்றத்தில் நிற்கின்றன. நியமம் எதற்கும் கட்டுப்படாத கூட்டம். செம்பழுப்பில் ஒன்று, வரியோடியது இரண்டு, கழுத்தில் மயிரில்லாதது ஒன்று, கருமையில் பொன் கழுத்தோடு ஒன்று, காட்டுக்கோழிப் பேடுபோல் மண்நிறத்தில் மூன்று நான்கு. என் கண்ணுக்கு அது ஊரின் வரலாறு. அரச பண்ணைகள் வழியாக நாட்டுக்குள் பரவிய வெளிநாட்டு இனங்களின் சாயல் ஒன்றில் தெரிகிறது. 2007இல் போரால் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது வளவில் மாடும் இல்லை கோழியும் இல்லை. அதன்பின் வாழ்வாதார உதவியென்று கொடுத்த பழுப்பு முட்டைக்கோழிகளின் பேரப்பிள்ளைகள் இன்னொன்றில். 2022இல் டொலர் இல்லாமல் தீன் விலை ஏறிப் பண்ணைகள் படுத்தபோது நாட்டில் பலரும் திரும்பவும் ஊர்க்கோழியைத்தான் தேடிப்போனார்கள்.

"இது எந்தச் சாவலுக்குப் பொரிச்சதெண்டு ஆருக்குத் தெரியும் தம்பி?" என்றார் தாயார். "தின்னுது, முட்டையிடுது, அடை கிடக்குது. மறுகா என்ன வேணும்?"

அவர் சொன்ன முதல் வாக்கியத்தில்தான் நிறம் தேடுபவனின் பெரிய சிக்கல் இருக்கிறது. சேவலை விட்டுப் பிரித்த பிறகும் பேட்டின் உடம்பில் விந்து இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருக்கும். நேற்று வேலிக்கு வெளியே நடந்ததற்கு அடுத்த கிழமை முட்டையில் பதில் வரும். அதனால் சோடி சேர்ப்பதற்கு முன் பேட்டைத் தனியாக மூன்று கிழமையாவது அடைத்துவைக்க வேண்டும். கரடியனாற்றில் வேலி என்பது கள்ளியும் முள்ளுக்கம்பியும். பக்கத்து வளவுச் சாவலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தம்பி தன் சோடியைக் கம்பிவலைக் கூட்டில் வைத்திருந்தது புத்தி. மற்றவர்கள் முற்றத்தில் திறந்துவிட்டு நீலம் வரவில்லை என்று அழுவார்கள்.

வரிக்கோழிக்கு வருவோம், ஏனென்றால் நிறக் கணக்கில் ஆண் பெண் வித்தியாசம் அங்கேதான் அழகாகத் தெரிகிறது. பிளிமத் ரொக் என்ற அமெரிக்க இனத்தின் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாய்க் குறுக்கு வரி. வரியை உண்டாக்கும் மரபணு பால் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மனிதரில் ஆணுக்குத்தான் ஒற்றை. கோழியில் தலைகீழ், பேட்டுக்குத்தான் ஒற்றை. சேவலுக்கு வரி மரபணு இரண்டு கிடைக்கும், பேட்டுக்கு ஒன்றே ஒன்று. இரட்டை வரி வாங்கிய சேவலில் வெள்ளை அகன்று நிறம் வெளிறிவிடும். பேடு கருமையாக நிற்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு வேறு இனம் போலத் தெரியும்.

இதை இயற்கை என்று விட்டுவிடலாம். காட்சிக்காரர்கள் விடவில்லை. சேவலும் பேடும் மேடையில் ஒரே நிறத்தில் நிற்கவேண்டும் என்று நியமம் எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்த நியமத்துக்காக ஒரே இனத்துக்குள் இரண்டு கிளை வளர்த்தார்கள். நல்ல சேவல் வேண்டுமானால் ஒரு கிளை. அதில் நியம நிறச் சேவலோடு மிகக் கருத்த பேட்டைச் சேர்ப்பார்கள். நல்ல பேடு வேண்டுமானால் இன்னொரு கிளை. அதில் நியம நிறப் பேட்டோடு வெளிறிய சேவலைச் சேர்ப்பார்கள். சேவல் கிளையில் பிறக்கும் பேடுகளும் பேட்டுக் கிளையில் பிறக்கும் சேவல்களும் ஒருநாளும் மேடை ஏறாது. இரட்டைக் கூடு, இரட்டைத் தீன், இரட்டைக் கொப்பி. பரிசு வாங்கிய சேவலையும் பரிசு வாங்கிய பேட்டையும் ஒரு புதியவர் வாங்கிச் சோடி சேர்த்தால் பிறப்பது எதற்கும் உதவாத நிறம். இயற்கையோடு முரண்டுபிடிக்கும் நியமம் எழுதினால் அதன் செலவைத் தலைமுறை தலைமுறையாகக் கோழிதான் கட்டும் என்பது என் கட்சி.

ஆனால் அதே பால் வழி நிறம் உலகத்துக்கு முட்டையும் போட்டிருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தீன் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல்குஞ்சுகளுக்குத் தீன் போடுவானேன் என்று யோசித்த புனெட், பிறந்த அன்றே நிறத்தை வைத்து ஆண் பெண் பிரிக்கும் வழியைச் சொன்னார். பொன்னிறச் சேவலை வெள்ளிநிறப் பேட்டோடு சேர்த்தால் பெண்குஞ்சு பொன்னிறம், ஆண்குஞ்சு வெளிறல். இன்றும் நம் கடைகளில் பழுப்பு முட்டையிடும் கலப்பினப் பேடுகள் அந்தக் கணக்கில்தான் பிரிக்கப்படுகின்றன. தாயாரின் முற்றத்துச் செம்பழுப்புக் கோழியின் பாட்டி குஞ்சுப் பெட்டிக்குள் வந்தது அதன் நிறத்தால்தான். அதன் சகோதரன் வராமல் போனதும் அதனால்தான்.

வெள்ளை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த மண்ணில் ஒரு எச்சரிக்கை. வெள்ளை இறகு வெயிலில் பித்தளை பூக்கும். கழுத்திலும் முதுகிலும் மஞ்சள் படியும். மஞ்சள் சோளன் தின்றாலும் அப்படியே, அதன் மஞ்சள் நிறமி இறகின் தண்டுவரை ஏறும். வெயிலும் சோளனும்தானே எங்களுக்கு நிறைய இருப்பது! காட்சிக்கு வெள்ளைக் கோழி தயார் செய்பவர்கள் புது இறகு முளைக்கும் நாளிலிருந்து நிழலில் வைத்து, சோளனைக் குறைத்து, காட்சிக்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, நன்றாக அலசி உலர்த்துவார்கள். வளவில் திறந்துவிட்ட வெள்ளைக் கோழிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, பருந்துக்கு அது மைல் தூரத்திலிருந்தே தெரியும். கறுப்புக்கு வேறு வகை ஆபத்து: கழிப்புக்கும் நேர்த்திக்கும் மருந்துக்கும் கறுப்பைத் தேடி ஆள் வரும். கருங்கோழி என்று சொல்லி இறகு மட்டும் கறுத்ததை விற்கும் சூரர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்த வியாபாரம் கூடிவிட்டது. இறகின் கறுப்பும் தோலின் கறுப்பும் வேறு வேறு மரபணுக்களின் வேலை. வாங்குபவர் இறகைப் பார்க்கவேண்டாம், கொண்டையையும் வாயைத் திறந்து நாக்கையும் பார்த்தால் போதும்.

தமிழருக்கென்று நிறக் கணக்கு இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அது அழகுக்கு அல்ல. தமிழ்நாட்டுச் சேவல்கட்டுக்காரர்கள் சேவலை நிறத்தால் காகம், வல்லூறு, கீரி, மயில், கொக்குவெள்ளை என்று பிரித்து அழைக்கிறார்கள். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற பஞ்சபட்சிக் கணக்கோடு அந்த நிறங்களைப் பொருத்தி, வளர்பிறையா தேய்பிறையா, எந்தக் கிழமை, எந்தச் சாமம் என்று பார்த்து, அந்த நேரத்துக்கு எந்த நிறம் வெல்லும் என்று களம் இறக்குவார்கள். வளர்ப்பவனுக்கு இந்தச் சாத்திரத்தால் ஒரு நன்மை நடந்தது. நாளுக்கு ஒரு நிறம் வேண்டியிருந்ததால் எல்லா நிறத்தையும் காப்பாற்றினார்கள்.

சண்டையிலிருந்து காட்சிக்கு என்ற அதே பயணத்தை இப்போது தமிழ்நாடு நடக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்கென்று கண்காட்சிகள் நடக்கின்றன. பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அசில் இனத்தின் ஒரு வார்ப்பு அது. அலகு கிளியினுடையது போல் குட்டையாய் வளைந்து, வால் தரைக்குச் சமாந்தரமாய் நீண்டு விரியவேண்டும். நல்ல சேவலுக்கு இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் பிடித்தது வரிசைமுறை. முதலில் அலகு, முகம், கழுத்து, வால், நிற்கும் நிலை. நிறம் அதன் பிறகுதான். அழகான நிறத்தில் நேரான மூக்கோடு ஒரு சேவலைக் கொண்டுபோனால் அதைக் கறிக்குக் கேட்பார்கள்.

எந்த நியமமும் தேவைப்படாத ஒரு கோழி கரடியனாற்றுக்கு மேற்கே காட்டில் இருக்கிறது. இலங்கைக் காட்டுக்கோழி, நாட்டின் தேசியப் பறவை, உலகில் வேறெங்கும் இல்லை. 1831இல் பிரெஞ்சு அறிஞர் லெஸோன் விவரித்து, லபாயெட் பிரபுவின் பெயரை வைத்தார். சேவலின் பிடரி பொன், உடல் செம்மஞ்சள், சிறகும் வாலும் கருஊதா, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள். பேடு மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கிடக்கும் நிறம். பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். அந்தச் சேவலில் ஒரு இறகு பிசகி நான் பார்த்ததில்லை. பேடுகள் தெரிவுசெய்து, மரநாயும் பருந்தும் கழித்துவிட்ட நியமம் அது.

காட்டிலிருந்து முட்டை எடுத்துவந்து ஊர்க்கோழியில் அடைவைத்தால் என்ன என்று தம்பி கேட்டார். கேட்பது அவர் மட்டுமல்ல. முதல் பதில் சட்டம்: 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது குற்றம். இரண்டாவது, நம் வீட்டுக்கோழியின் மூதாதை இந்தப் பறவை அல்ல. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழிதான் முதன்மைத் தாய்வழி. இலங்கைக் காட்டுக்கோழியோடு கலந்து பிறப்பவற்றுக்குக் கருவளம் குறைவு. இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு ஒரு சொத்து வந்திருக்கிறது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள், மஞ்சள் கால். செங்காட்டுக்கோழி மனிதனிடம் வந்து சேர்ந்ததற்கு நெல்தான் காரணம் என்று 2022இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்திருக்கின்றன. வயலும் காடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சிந்திய நெல்லைத் தின்ன வந்த பறவை. வெள்ளாமை வெட்டிய பின் கரடியனாற்று வயல் ஓரத்தில் விடியற்காலை நின்றால் அது எப்படி நடந்திருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

வெவ்வேறு நிற இனங்களைக் கலந்தால் என்ன வரும் என்று டார்வின் தன் தோட்டத்தில் கலந்து பார்த்தார். கறுப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைச் சில்க் பேட்டையும் சேர்த்ததில் பிறந்த ஒரு சேவல் காட்டுக்கோழியின் சிவப்பும் பொன்னுமாய் வளர்ந்து நின்றதை 1868இல் வெளிவந்த நூலில் வியப்போடு எழுதினார். பதுளை வீதி வளவுகளில் கலந்த கோழிகள் திரும்பத் திரும்ப அந்த நிறத்துக்கே போவதும் அப்படித்தான். தாயாரின் மண்நிறப் பேடுகள் மூன்று நான்கும் பழைய முகவரிக்குத் திரும்பிப் போனவை.

அப்படியானால் எங்கள் ஊர்க்கோழிக்கு ஒரு நியமம் எழுதலாமா? எழுதலாம் என்கிறேன், ஆனால் வரிசையைத் திண்டுக்கல்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டு. முதலில் அடை: பேடு முழு நாளும் கிடந்து பொரித்து, குஞ்சுகளைக் கீரியிடமிருந்தும் பருந்திடமிருந்தும் எத்தனை மீட்டது என்பதற்கு அதிகப் புள்ளி. அடுத்தது கால், நெஞ்சு, நடை. பிறகு முட்டை. நிறத்துக்குக் கடைசியில் கொஞ்சம் புள்ளி. அதிலும் ஒரே நிறம் என்று கட்டாமல் மண்நிறம், வரி, கருமையில் பொன், செம்பழுப்பு என்று வகைவகையாகப் போட்டி. அடை கிடக்கும் குணத்தைக் கழித்துவிட்டு முட்டையை மட்டும் பார்த்த இனங்கள் இயந்திரம் இல்லாமல் ஒரு குஞ்சும் பொரிக்காது. நிறத்தை மட்டும் பார்த்த இனங்களில் கருவளமும் தாய்மையும் குறைந்த கதை ஐரோப்பிய வளர்ப்பாளர்களுக்கே தெரியும். சின்னக் கூட்டத்துக்குள் அண்ணன் தங்கையைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் வேறெதுவும் வராது.

தொடங்குவதற்கு அதிகம் வேண்டாம். ஒவ்வொரு கோழிக்கும் காலில் நிற வளையம், ஒரு கொப்பி, எந்தப் பேடு எந்தச் சேவல் எந்தத் தேதி என்ற பதிவு. குஞ்சின் நிறத்தைப் பார்த்துக் கழிக்கவேண்டாம். குஞ்சுமயிர் போய், இடையிறகு போய், நிலையான இறகு வர ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் விற்றவர்கள் பிறகு வருந்துவார்கள். தம்பி தன் ஒன்பது குஞ்சுக்கும் வளையம் போட்டுவிட்டார். தெறிப்பு இரண்டில் ஒன்று சேவலாகத் தெரிகிறது. கறுப்பு மூன்றில் ஒன்றாவது பேடாக வரும். உடன்பிறந்தவற்றையே சேர்ப்பதைவிட அந்தத் தெறிப்புச் சேவலுக்கு வெளியில் ஒரு கறுப்புக் கொச்சின் பேடு தேடு என்று சொன்னேன்.

காட்சி வைக்க இடத்துக்கும் பஞ்சம் இல்லை. கரடியனாற்றிலேயே விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. கோழி மரபியல் படித்தவர்கள் அங்கே ஊதிப் பார்க்க ஒரு முதுகு கிடைக்காமல் இருக்கிறார்கள். இராணிக்கெட் தடுப்பூசி போட்ட கோழிக்கு மட்டும் அனுமதி. திரும்பி வந்த கோழியை மற்றவற்றோடு விடாமல் இரண்டு மூன்று கிழமை தனியே வைக்கவேண்டும். உலகமெங்கும் காட்சிகளால் பரவிய நோய்கள் பரிசுகளைவிட அதிகம். காலத்தைப் பொறுத்தவரை மாரி முடிந்து மாசி, பங்குனியில் வைப்பதுதான் சரி. கார்த்திகைச் சேற்றில் கால்வரை இறகுள்ள கொச்சினைக் கழுவி மேடையேற்ற எந்தத் தாயும் வீட்டுத் தண்ணீரைத் தரமாட்டார்.